அல்கியோனியைக் கேட்டு வந்தார்கள்

மேட்டுக் கொத்தளத்தில் பீரங்கி வெடித்தது. ரொட்டிச் சூளையடியில் மாவு பிசைந்துகொண்டிருந்த பெண்கள் கையை அப்படியே நிறுத்தினார்கள். ஒரு வெடியோடு நின்றால் நம் கப்பல் வருகிறது. அடுத்தடுத்து வெடித்தால் துருக்கிச் சுல்தானின் கப்பல்கள் வருகின்றன. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மலைமேல் இருக்கும் மடத்துக்கு ஓட வேண்டும். இந்தக் கோடையில் ஸாராத் தீவில் அடுத்தடுத்துத்தான் வெடித்தது. அங்கிருந்து உயிர் தப்பி வந்தவர்கள் இன்றைக்கும் இங்கே இத்ராத் தீவின் துறைமுகத்தில், கவிழ்த்துப் போட்ட படகுகளுக்கு அடியில் குடியிருந்தார்கள்.

சூளைக்குள் விறகு முறியும் சத்தம் மட்டும் கேட்டது.

"ஒண்ணுதான்," என்றாள் சூளைக்காரி ஸ்கெவோ. "பிசைங்கடி. நம்ம ஆளுங்கதான் வர்றானுங்க. பசியோட வருவானுங்க."

மாடியில் நின்ற யாரோ ஒருத்தி கப்பலின் பெயரைக் கத்தினாள். அல்கியோனி. அந்தப் பெயரைக் கேட்டதும் எல்லோரும் பாகோனாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் முழங்கை வரை மாவோடு நின்றுகொண்டிருந்தாள். கப்பல் ரொட்டியை இரண்டு தடவை சுட வேண்டும். ஈரம் துளி இருந்தாலும் கடலில் பூசணம் பிடித்துவிடும். ஊரிலிருக்கும் கப்பல்களுக்கெல்லாம் ரொட்டி சுட்டுத் தீர்வதற்குள் அடுத்த மாதம் பிறந்துவிடும். சுல்தானை எதிர்த்துப் போர் வந்த பிறகு கேப்டன் வீட்டுப் பெண், கப்பலில் கூலிக்கு வேலை பார்க்கும் கலாசி வீட்டுப் பெண் என்ற வித்தியாசமெல்லாம் அந்த மாவுத் தொட்டியில் கரைந்து போயிருந்தது.

பாகோனா கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பினாள்.

"ஓடாத புள்ள," என்றாள் ஸ்கெவோ. "ஓடினா நீ ஏங்கிப்போய்க் கெடந்தது அவருக்குத் தெரிஞ்சுடும்."

"தெரியட்டுமே அக்கா."

"தெரியக்கூடாது. தெரிஞ்சா அடுத்த தடவ இன்னும் தாமசமா வருவானுங்க. என் ஆளப் பாக்குறல்ல? நான் ஒரு தடவ அழுதேன். அதுக்கப்புறம் எப்பவாச்சும்தான் வீட்டுக்கு வர்றான்."

ஸ்கெவோவின் புருஷன் வேறொரு கப்பலில் பீரங்கிக்காரன். அவளுடைய கேலிக்கு அடியில் எப்போதும் கொஞ்சம் கரி கனன்றுகொண்டிருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். பாகோனா சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள். ஆனால் ஓடத்தான் செய்தாள்.

கப்பல் கேப்டன்களின் மனைவிமார் துறைமுகத்துக்கு இறங்கிப் போவதில்லை. வீட்டைத் திறந்துவைத்து, முகம் கழுவத் தண்ணீர் எடுத்துவைத்துக் காத்திருப்பார்கள். படிக்கட்டுத் தெரு திரும்பும் முனையில் நின்று பார்த்தால் கடல் முழுவதும் தெரியும். அங்கே வந்ததும் அவள் நின்றாள். வடகாற்று முகத்தில் அடித்தது. இரட்டைப் பாய்மரத்தோடு அல்கியோனி வளைகுடா வாயில் நுழைந்துகொண்டிருந்தது. முன்பாயில் பெரிய ஒட்டு ஒன்று தெரிந்தது. அந்த ஒட்டு அவள் போட்டதல்ல. யாரோ ஆண்பிள்ளை கடலில் வைத்து அவசர அவசரமாகத் தைத்திருக்கிறான். தையலின் கோணல் இவ்வளவு தூரத்திலிருந்தே கண்ணை உறுத்தியது.

அல்கியோனி அவளுடைய சீதனம். அப்பா கொரிந்துக் கரையில் பைன் மரம் பார்த்துப் பார்த்து வாங்கி, ஊர்த் தச்சுத் துறையிலேயே கட்டினார். பாகோனாவுக்குக் கல்யாணம் ஆன அதே வருஷம்தான் கப்பலும் கடலில் இறங்கியது. இரண்டு பேரும் ஒரே சமயத்தில் ஒரே ஆளின் கையில் ஒப்படைக்கப்பட்டார்கள். கணக்குப் பார்த்தால் புருஷன் கீக்காஸோடு அதிகம் குடும்பம் நடத்தியது கப்பல்தான். சக்களத்தி என்று அவள் மனசுக்குள் அதற்குப் பெயர் வைத்திருந்தாள். சொந்தக் காசில் கட்டிய சக்களத்தி.

கீக்காஸ் வீடு வந்து சேர வெயில் சாய்ந்துவிட்டது. முதலில் கலாசிகளை இறக்க வேண்டும், பிறகு ஊர் மன்றத்தில் போய்த் தலையைக் காட்ட வேண்டும். அவன் வாசலில் நின்றதும், நான்கு வயது லெனியோ ஓடிப்போய் எண்ணெய் ஜாடிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

"யாரு அது?" என்று அம்மாவிடம் கிசுகிசுத்தாள்.

"அப்பாதாண்டி. உங்கப்பா."

"இல்ல. அது கப்பல்காரரு."

கீக்காஸ் சிரித்தான். சிரிக்கும்போது அவன் கன்னத்தில் புதிதாக ஒரு தீக்காயத்தின் தடம் இழுத்துக்கொண்டது. பாகோனா அதைப் பற்றிக் கேட்கவில்லை. அவித்த மொச்சை, உப்பில் ஊறிய மத்தி மீன், கடைசியாக மிச்சமிருந்த ஆட்டுப்பால் கட்டி எல்லாவற்றையும் எடுத்துவைத்தாள். அவன் நின்றுகொண்டே சாப்பிட ஆரம்பித்தான். கடலில் அப்படியே பழகிவிட்டது. அவள் தோளைப் பிடித்து அழுத்தி உட்காரவைத்தாள். அந்தத் தோள் முன்பைவிட இளைத்திருந்தது. கையை எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. அவனும் அசையாமல் இருந்தான்.

"இந்தத் தடவ எப்பப் போகணும்?" என்று கேட்டாள்.

"பாப்போம்," என்றான் அவன்.

போர் தொடங்கிய நாளாக அவள் இந்தப் பதிலைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். கலாசிகளின் கையில் அடுத்த மாதச் சம்பளம் வந்து விழுந்த மறுநாள் என்று அர்த்தம். இத்ராக் கலாசி சிங்கத்தின் வாயில் கையை விடுவான். ஆனால் மாதச் சம்பளத்தை முன்னால் வாங்கி வீட்டில் கொடுக்காமல் கப்பலில் கால் வைக்க மாட்டான். அவனைக் குறை சொல்லவும் முடியாது. செத்துப்போனவனின் பெண்டாட்டிக்குப் பின்னால் வந்து கொடுப்பார்கள் என்று நம்பிக் கெட்டவர்கள் ஊரில் நிறைய.

அடுத்த நாள் காலையில் கீக்காஸ் சட்டையைக் கழற்றிவிட்டு, முற்றத்துக்கு அடியிலிருக்கும் மழைத்தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கினான். தொட்டிச் சுவரில் விரிசல் விழுந்து இரண்டு வருஷமாகத் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. இப்போது கோடைக் கடைசி, தொட்டி காய்ந்து கிடந்தது. அவன் சுண்ணாம்பு குழைத்துப் பூச ஆரம்பித்தான். உள்ளேயிருந்து கரண்டி உரசுகிற சத்தம் வந்துகொண்டேயிருந்தது. லெனியோ தொட்டி வாயருகே குப்புறப் படுத்து அவனை எட்டிப் பார்த்தாள். அவள் ஒரு கல்லைப் போட்டாள். அவன் அதைத் திருப்பி மேலே எறிந்தான். அப்படியே அவர்களுக்குள் ஒரு விளையாட்டு உண்டாகிவிட்டது.

பாகோனா சமையற்கட்டு வாசலில் உட்கார்ந்து பாய்த்துணி தைத்துக்கொண்டிருந்தாள். உள்ளங்கையில் தோல் பட்டை, கையில் நீள ஊசி. விருந்தாளி புறப்படுவதற்கு முன்னால் வீட்டுக்கு ஏதாவது ஒத்தாசை செய்துவிட்டுப் போவதுபோல இருக்கிறதே என்று நினைத்தாள். மழை வர இன்னும் எவ்வளவோ நாள் இருக்கிறது. தொட்டி நிறைவதை அவன் எங்கே பார்க்கப்போகிறான்?

மத்தியானம் அவன் மேலே ஏறி வந்து வெள்ளைக் கையோடு உட்கார்ந்தான். தண்ணீர் குடித்தான். பிறகு அவனாகவே பேசினான். அவன் பேசியது கப்பலைப் பற்றி.

"உங்கப்பா மரம் வாங்குனதப் பத்தி ஊர்ல என்ன வேணா சொல்லட்டும். கில்லாடி மனுஷன். அடிப்பலகைல ஒரு புழு இல்ல பாகோனா. நம்ம ஊர்ல வேற எந்தக் கப்பலும் அப்படி இல்ல. இன்னும் இருபது வருஷம் மெதக்கும். போர் முடிஞ்சதும் ஒதேஸாவுக்குக் கோதுமை ஏத்தப் போலாம். அவளக் காப்பாத்தி வெச்சா நம்மளக் காப்பாத்துவா."

அவள், அவள் என்றே சொன்னான். பாகோனாவின் ஊசி துணியில் கொஞ்சம் வேகமாக இறங்கியது. வீட்டுக்கு வந்து இது இரண்டாவது நாள். இவளைப் பார்த்து இவ்வளவு நீளமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்ததும் அவர்கள் வந்தார்கள். ஊர் மன்றத்துப் பெரியவர் அனார்கிரோஸ், அவர் கூட இரண்டு பேர். அனார்கிரோஸ் பாகோனாவின் அப்பாவுக்குச் சிநேகிதர். அவள் அவரைச் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவாள். பெண் கேட்டு வருகிறவர்கள்போல மூன்று பேரும் சுத்தமான மேலங்கி போட்டிருந்தார்கள். அதைப் பார்த்ததுமே கீக்காஸ் எழுந்தான். அவர்கள் வாயைத் திறப்பதற்குள் முற்றத்தைத் தாண்டிப் போய், தெருவைப் பார்த்தபடி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

அது ஊர் வழக்கம். சீதனப் பொருளைப் பற்றிப் பேச்சு வந்தால் புருஷன் அந்த இடத்தில் இருக்கக் கூடாது. விற்கச் சொன்னாலும் தப்பு, வேண்டாம் என்றாலும் தப்பு. பெண்டாட்டி சொத்தில் வாய் வைத்தவன் என்ற பெயர் வந்துவிட்டால் இத்ராவில் எந்தக் கலாசியும் அவன் கப்பலில் ஏற மாட்டான்.

பாகோனா அத்திப்பழமும் தண்ணீரும் கொண்டுவந்து வைத்தாள். அனார்கிரோஸ் ஒரு பழத்தை எடுத்துக் கையிலேயே உருட்டிக்கொண்டிருந்தார். விஷயத்துக்கு வரச் சுற்றி வளைத்தார். ஸாமோஸ் தீவுப் பக்கம் சுல்தானின் பெரிய கப்பல்கள் நிற்கின்றன. அவற்றோடு பீரங்கிக்குப் பீரங்கி நின்று போட்டால் நம் கப்பல்கள் முட்டை ஓடு மாதிரி. தீக்கப்பல் ஒன்றால்தான் முடியும்: தாரும் கந்தகமும் சுள்ளியும் அடைத்து, நேராகக் கொண்டுபோய் எதிரிக் கப்பலில் கொக்கி மாட்டி, நெருப்பு வைத்துவிட்டுப் படகில் தப்புவது. ஊரிலிருந்த கிழட்டுக் கப்பல்களையெல்லாம் அப்படி எரித்தாகிவிட்டது. கடைசியாக அனுப்பியது ஆமை மாதிரி போய், பாதி வழியிலேயே குண்டடிபட்டு மூழ்கியது. அதிலிருந்தவர்கள் திரும்பவில்லை.

"ஓடுற கப்பல் ஒண்ணு வேணும் மகளே," என்றார். "அல்கியோனி மாதிரி ஓடுறது வேற இல்ல. உன்னக் கேக்குறது வீண்னு எல்லாரும் சொன்னாங்க. உங்கப்பன் கட்டுனத நீ விட மாட்டேன்னு. நான்தான், கேக்காம இருக்கறது மரியாதை இல்லன்னு வந்தேன்."

"அதுக்கு எனக்கு என்ன தருவீங்க சித்தப்பா?"

"சீட்டு எழுதித் தருவோம். அரசாங்கம்னு ஒண்ணு அமைஞ்சா அது பணம் குடுக்கும்."

"மழைக்காலத்துல அடுப்புப் பத்தவைக்க ஆகும்."

கூட வந்தவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். அனார்கிரோஸ் சிரிக்கவில்லை. தன்னுடைய மூன்று கப்பல்களில் இரண்டு ஏற்கெனவே போய்விட்டன, மூன்றாவதில் ஓட்டை இருக்கிறது, ஒரு கிணறு நிறையத் தன்னிடம் இருந்த வெள்ளிக் காசெல்லாம் கலாசிகளின் மாதச் சம்பளத்துக்கும் ரொட்டிக்கும் கரைந்துவிட்டது என்று மெதுவாகச் சொன்னார். பெருமையாகவும் சொல்லவில்லை, அழுதும் சொல்லவில்லை. மறுநாள் காலைவரை யோசித்துச் சொல்லும்படி கேட்டுக்கொண்டு எழுந்தார்.

அவர் பேசும்போதே பாகோனாவின் மனசு வேறொரு பக்கம் போய்விட்டிருந்தது. தீக்கப்பல் ஓட்டுவதற்கு என்று தனி ஆட்கள் உண்டு. ஸாராக்காரர்கள்தான் அதில் கைதேர்ந்தவர்கள். கவிழ்த்த படகுக்கு அடியில் குடியிருந்த ஸாராக்காரன் ஒருவனுக்கு அவளே ரொட்டி கொடுத்திருக்கிறாள். இதற்கு முன்னால் போன கப்பல்களில் பலவற்றை அவனும் அவன் ஆட்களும்தான் கொண்டுபோனார்கள். அவன் கொண்டுபோவான். அல்கியோனி எரியும். கப்பல் இல்லாத கேப்டன் எங்கே போவான்? வீட்டில் இருப்பான். மழை வரும். தொட்டி நிறையும். லெனியோ அவனை அப்பா என்று கூப்பிடப் பழகுவாள்.

இதை நினைத்தவுடன் திருடப்போகிறவளைப் போல வாசலைப் பார்த்தாள். கீக்காஸ் இன்னும் முதுகைக் காட்டிக்கொண்டுதான் நின்றான்.

சாயங்காலம் அவன் காலடியில் உட்கார்ந்து பீன்ஸ் உரித்துக்கொண்டே, போகிறபோக்கில் கேட்பதுபோலக் கேட்டாள்.

"நீங்க என்ன சொல்றீங்க?"

"நான் சொல்லக் கூடாது."

"இங்க யாரு இருக்கா கேக்க?"

"நான் இருக்கேன்ல." ஏதோ சொல்ல வந்து நிறுத்தினான். பிறகு, "நல்ல மரம் பாகோனா. அத மட்டும்தான் நான் சொல்லுவேன். நல்ல மரம்," என்றான். அவள் கையைப் பிடித்து, தோல் பட்டை அழுத்திக் காய்த்துப்போன இடத்தைக் கட்டைவிரலால் தடவினான்.

மரமாம். அவள் கையை மெல்ல உருவிக்கொண்டாள். அந்த ஒரு வார்த்தையில் அவளுடைய தயக்கம் தீர்ந்துபோயிற்று.

காலையில் தலைமுக்காட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு அவள் துறைமுகத்துக்கு இறங்கினாள். கேப்டன் பெண்டாட்டி படி இறங்கி வருகிறாள் என்றதும் ஒவ்வொரு வாசலிலிருந்தும் ஒருத்தி சேர்ந்துகொண்டாள். கடைசிப் படிக்கு வரும்போது பின்னால் ஒரு கூட்டமே இருந்தது. சூளையை விட்டுவிட்டு ஸ்கெவோவும் வந்திருந்தாள்.

எரியப்போகிற கப்பலில் புனிதர் இருக்கக் கூடாது. கப்பலுக்கு உரியவர் தன் கையாலேயே படத்தை இறக்கிக் கரைக்குக் கொண்டுவர வேண்டும். இறக்கியபின் திரும்பவும் ஏற்ற முடியாது. வாயால் சொன்ன சம்மதத்தை மாற்றலாம். இதை மாற்ற முடியாது.

கலாசிகளுக்குத் தலைவனான செராங் கொஸ்மாஸ் அவளைப் படகிலிருந்து கைகொடுத்துத் தூக்கினான். கிழவன், கப்பல் கட்டிய நாளிலிருந்து அதில் இருப்பவன். அவள் எதற்கு வந்திருக்கிறாள் என்று புரிந்ததும் தொப்பியைக் கழற்றினான். மற்றவர்களும் கழற்றினார்கள்.

கீக்காஸின் அறைக்குள் அவள் இதற்கு முன்னால் ஒரே ஒரு தடவைதான் வந்திருக்கிறாள், புதுக் கப்பலைச் சுற்றிக் காட்டியபோது. இப்போது அந்த அறை முழுக்க அவன் வாசம். தார், புகையிலை, ஈரக் கம்பளி. படுக்கை ஒரு ஆள் அகலம். அவன் உடம்பின் பள்ளம் மெத்தையில் அப்படியே இருந்தது. வீட்டில் அவன் படுக்கிற பக்கத்தில் பள்ளம் விழவில்லை. தலைமாட்டில் புனித நிக்கொலாவின் படம், முன்னால் சின்ன விளக்கு. அவள் விளக்கை ஊதி அணைத்தாள். சிலுவை போட்டுக்கொண்டு படத்தைக் கழற்றினாள். அவள் நினைத்ததைவிட லேசாக இருந்தது.

"மன்னிச்சுக்கோ," என்று பலகைச் சுவரைப் பார்த்துச் சொன்னாள். புனிதரிடம் சொன்னாளா கப்பலிடம் சொன்னாளா என்று அவளுக்கே தெரியாது.

படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் கரையில் கால் வைத்ததும் கோயில் மணி அடித்தது. பெண்கள் முண்டியடித்துக்கொண்டு வந்து படத்தை முத்தமிட்டார்கள். சிலர் அவள் கையையும் முத்தமிட்டார்கள். அனார்கிரோஸின் கண் கலங்கியிருந்தது. ஊரே அவளைப் பார்த்தது. ஸ்கெவோ மட்டும் முத்தமிடவில்லை. அவள் பாகோனாவின் காதருகே வந்து, "என்ன காரியம்டி பண்ணிட்ட," என்றாள். பாராட்டுகிற குரலாக அது இல்லை.

கூட்டத்துக்குள்ளிருந்து ஒருவன் கேட்டான், கப்பலை யார் கொண்டுபோவது என்று. மன்றத்து ஆள் ஒருவர் ஸாராக்காரனின் பெயரைச் சொன்னார். உடனே கலாசிகள் முனக ஆரம்பித்தார்கள். ஸாராக்காரனின் ஆட்கள் இப்போது எங்கே? பாதிப்பேர் கடலடியில், பாதிப்பேர் அடிமைச் சந்தையில். தனியாள் ஒருவனை நம்பி யார் ஏறுவது?

செராங் கொஸ்மாஸ் ஒரு கயிற்றுச் சுருளின்மேல் ஏறி நின்றான்.

"தெரியாத ஆளு கையில சுக்கானக் குடுத்துட்டு நாங்க தார்ப் பீப்பா மேல உக்காந்து போக மாட்டோம். கேப்டன் வந்தா நான் வர்றேன், இருபது பேரு வருவாங்க, அரைச் சம்பளத்துக்கு வருவாங்க. பொண்டாட்டி கப்பலையே குடுத்துட்டா. புருஷன் கையக் குடுக்க மாட்டானா?"

எல்லோரும் ஒரே பக்கம் திரும்பினார்கள். கீக்காஸ் படிக்கட்டின் கடைசிப் படியில் நின்றுகொண்டிருந்தான். தொட்டிக்குள்ளிருந்து அப்படியே வந்திருக்க வேண்டும்; முழங்கை வரை சுண்ணாம்பு காய்ந்து வெடித்திருந்தது. அவன் மனைவியைப் பார்த்தான். அவள் கையிலிருந்த படத்தைப் பார்த்தான். அவன் முகத்தில் கோபம் வரும் என்று பாகோனா எதிர்பார்த்திருந்தாள். கோபம் இல்லை. சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்ட ஒரு குழந்தையைப் பார்ப்பதுபோல் அவளைப் பார்த்தான்.

"நானே கொண்டுபோறேன்," என்றான்.

மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. பாகோனாவுக்கு அது கேட்கவில்லை.

அதன்பிறகு வேலை தலைக்கு மேல் இருந்தது. பீரங்கிகளை இறக்கினார்கள். நங்கூரங்களில் நல்லதை இறக்கினார்கள். மலைச் சரிவிலிருந்து பெண்கள் முதுகில் சுமந்து சுமந்து முட்செடிக் கட்டுகளைக் கொண்டுவந்தார்கள். தச்சர்கள் பக்கவாட்டில் நெருப்புக்குக் காற்று போக ஓட்டை போட்டார்கள். புழு தீண்டாத பலகையில் உளி இறங்கும் சத்தம் படிக்கட்டுத் தெரு வரை கேட்டது. பழைய பாய்களைக் கிழித்துத் தாரில் முக்கித் தொங்கவிட வேண்டும். அந்த வேலை பாகோனாவிடம் வந்தது. அவள் தைத்த பாய்களை அவளே கிழித்தாள். இரவில் எவ்வளவு தேய்த்தும் கையிலிருந்து தார் போகவில்லை.

வீட்டில் அவர்கள் சண்டை போடவில்லை. கீக்காஸ் மிச்சமிருந்த விரிசலையும் பூசி முடித்தான். லெனியோவுக்கு ஒரு மரப் படகு செதுக்கிக் கொடுத்தான். அவள் இப்போது அவன் முதுகில் ஏறிக்கொண்டு இறங்க மறுத்தாள்.

புறப்பாட்டுக்கு முந்தின நாள், இருபது பேருக்கு வேண்டிய ரொட்டியை வாங்கப் பாகோனா சூளைக்குப் போனாள். சூளை அணைந்து கிடந்தது. மாவுத் தொட்டி கவிழ்ந்திருந்தது. ஒரே ஒரு சாக்கு ரொட்டி மட்டும் கட்டிவைத்திருந்தது. ஸ்கெவோ தரையைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"மத்த கப்பலுக்கெல்லாம் சுடலையா அக்கா?"

ஸ்கெவோ துடைப்பத்தை நிறுத்தினாள். அவளைப் பார்க்காமலே பதில் சொன்னாள்.

"மத்த கப்பல் போகலடி. நேத்துதான் வெளிய சொல்றாங்க. கலாசிக்குக் குடுக்க மன்றத்துல காசு இல்லையாம், சுத்தமாத் தொடைச்சாச்சாம். எல்லாக் கப்பலையும் பாய் இறக்கிக் கட்டிப்போடப் போறாங்க, குளிர்காலம் முழுசும். முன்னாடியே சொன்னா கலாசிங்க கப்பலோட ஓடிப்போயிருவானுங்கன்னு பீரங்கி இறக்குறவரைக்கும் மூடி மறைச்சிருக்காங்க." கொஞ்சம் நிறுத்தி, "என் ஆளு வந்துட்டான். வீட்ல கெடந்து கொறட்டை விடுறான். வசந்தம் வரைக்கும் அவனுக்கு நான் சோறு போட்டாகணும்," என்றாள். தன் சந்தோஷத்துக்கு வெட்கப்படுகிறவள்போல மறுபடியும் கூட்ட ஆரம்பித்தாள்.

பாகோனா ரொட்டிச் சாக்கைத் தோளில் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். துறைமுகத்தில் கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பாய்மரக் குறுக்குக் கட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தன. இலை உதிர்ந்த மரங்களைப்போல அவை வரிசையாக நின்றன. வாசல்தோறும் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். எவனோ வலை முடிந்துகொண்டிருந்தான். எவளோ தன் புருஷனைக் காலை நீட்டாதே என்று அதட்டிக்கொண்டிருந்தாள். அந்த அதட்டலைக் கேட்டுப் பாகோனா நடையை எட்டிப் போட்டாள். பாய் இறக்காமல் நின்றது ஒரே கப்பல். கறுத்து, தார் வழிந்து, வெளித்துறையில் தனியாக நின்றது.

வீட்டில் கீக்காஸ் முற்றத்தில் உட்கார்ந்து கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தான். லெனியோ அவன் மடியில் தூங்கிப்போயிருந்தாள். பாகோனா சாக்கை இறக்கினாள்.

"கப்பலெல்லாம் கட்டிப்போடப் போறாங்கன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

அவன் கத்தி தீட்டுவதை நிறுத்தினான்.

"தெரியும். வந்த அன்னிக்கே மன்றத்துல எல்லாக் கேப்டன்கிட்டயும் பைபிள் மேல சத்தியம் வாங்கிட்டாங்க."

"அப்ப அல்கியோனியையும் கட்டிப்போட்டிருப்பாங்க."

"ஆமா."

"நீங்க வீட்ல இருந்திருப்பீங்க." அவள் குரல் எழும்பவில்லை. "எனக்கு ஒரு கண்ணக் காட்டியிருக்கக் கூடாதா? அவங்களுக்குச் சத்தியம் பண்ணிக்குடுத்தா, எனக்குன்னு ஒரு இருமல்கூடவா இரும முடியாது? நான் எதுக்குக் குடுத்தேன்னு நினைக்கிறீங்க? அந்தக் கப்பல் இல்லாட்டி நீங்க இங்க இருப்பீங்கன்னுதான குடுத்தேன்."

கீக்காஸ் அவளை நிமிர்ந்து பார்த்தான். பிள்ளை விழித்துவிடாமல் இருக்கக் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்:

"உங்கப்பா கப்பல நீ யாருக்கும் குடுக்க மாட்டேன்னுதான் நான் இருந்தேன் பாகோனா, அந்த ஒரு நம்பிக்கைலதான், இந்தக் குளிர்காலம் உன்கூட இருக்கப்போறேன்னு அன்னிக்கு மன்றத்துலேருந்து வழியெல்லாம் பாடிக்கிட்டே வந்தேன்."